மயில் கழுத்து முதல் மிலிட்டரி பச்சை வரை... மூன்றாம் நிலை நிறங்களை நீங்களே கலக்கலாம், வாங்க!

மேட்சிங் சென்டரில் நின்று, "அண்ணா, இது பச்சையும் இல்ல, நீலமும் இல்ல, நடுவுல ஒண்ணு" என்று புடவையைக் காட்டி விளக்கியிருக்கிறீர்களா? வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, சுவரில் ஆணி அடித்த இடத்தை மட்டும் பெயின்ட்டால் மூடப் போய், அந்த இடம் பேண்டேஜ் ஒட்டினதுபோலத் தனியாகத் தெரிந்திருக்கிறதா? 24 கலர் பாக்ஸ் வாங்கியும், வேண்டிய கலர் மட்டும் அதில் இல்லாமல், ரெண்டைக் கலக்கப்போய் சேறு மாதிரி வந்திருக்கிறதா?

மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம். அதன் பெயர் மூன்றாம் நிலை நிறங்கள். ஸ்கூல் டிராயிங் கிளாஸில் சிவப்பு, மஞ்சள், நீலம் வரை சொல்லிக்கொடுப்பார்கள். அடுத்து ஆரஞ்சு, பச்சை, ஊதா வரை போவார்கள். அதற்குள் பெல் அடித்துவிடும். ஆனால், நாம் உடுத்துவது, பூசுவது, வாங்குவது எல்லாம் பெரும்பாலும் அந்த ஆறைத் தாண்டித்தான் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு ரவுண்டு போனாலே இதற்கு உதாரணங்கள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைக்கும்.

முதல்ல குடும்பத்தைத் தெரிஞ்சுக்கலாம்

பெயின்ட் உலகில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை நிறங்கள். வேறு எதைக் கலந்தும் இவற்றைக் கொண்டுவர முடியாது என்ற கணக்கில் அந்தப் பெயர்.

இரண்டு முதன்மை நிறங்கள் சேர்ந்தால் இரண்டாம் நிலை நிறம். சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சு. மஞ்சளும் நீலமும் பச்சை. நீலமும் சிவப்பும் ஊதா. (நம்ம ஊரில் சிலர் நீலத்தையே ஊதா என்பார்கள். இந்தக் கட்டுரையில் ஊதா என்றால் வயலட்.)

ஒரு முதன்மை நிறமும், அதன் பக்கத்து வீட்டு இரண்டாம் நிலை நிறமும் சேர்ந்தால் பிறப்பது மூன்றாம் நிலை நிறம். அப்படி மொத்தம் ஆறு. ஆக 3+3+6, பன்னிரண்டு நிறங்கள். இதை வட்டமாக அடுக்கினால் கடிகாரம் மாதிரி ஒரு நிறச் சக்கரம் கிடைக்கும். 12 மணி இடத்தில் மஞ்சள், 4 மணியில் சிவப்பு, 8 மணியில் நீலம் என்று வைத்துக்கொள்ளுங்க. 2 மணியில் ஆரஞ்சு, 6-ல் ஊதா, 10-ல் பச்சை. மிச்சம் இருக்கும் 1, 3, 5, 7, 9, 11 ஆகிய ஒற்றைப்படை மணிகள்தான் மூன்றாம் நிலை நிறங்களின் வீடு.

புத்தகங்களில் இவற்றுக்குத் தனிப்பெயர் கிடையாது. 'மஞ்சள்-பச்சை', 'நீலம்-பச்சை' என்று ரெட்டைப் பெயர்தான். முதன்மை நிறம் முதலில் வரும். ஆனா, நம்ம புடவைக் கடைகளும் பூக்கடைகளும் இவற்றுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டன!

* மஞ்சள்-ஆரஞ்சு (1 மணி): மாம்பழக் கலர்.
* சிவப்பு-ஆரஞ்சு (3 மணி): தக்காளிக் கலர். நம் மாநில மலரான செங்காந்தளின் இதழில் சிவப்பு மஞ்சளைத் தொடும் இடத்திலும் இதைப் பார்க்கலாம்.
* சிவப்பு-ஊதா (5 மணி): வாடாமல்லி.
* நீலம்-ஊதா (7 மணி): சங்குப்பூ.
* நீலம்-பச்சை (9 மணி): மயில் கழுத்து. கொஞ்சம் பச்சை தூக்கலாக இருந்தால் ராமர் பச்சை.
* மஞ்சள்-பச்சை (11 மணி): கிளிப் பச்சை.

கடைக்காரரிடம் 'நீலம்-பச்சை' என்று கேட்டால் ரெண்டு பீரோவைத் திறப்பார். 'மயில் கழுத்து' என்றால் நேராக ஒரு அடுக்குக்குக் கை போகும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே ஒரு கலர் ஸ்கூல்

இந்தச் சக்கரம் ஒரே நாளில் வந்ததில்லை. ஒளியைப் பிரித்துப் பார்த்த நியூட்டன், 1704-ல் வெளியான தன் 'ஆப்டிக்ஸ்' நூலில் நிறங்களை வட்டமாக அடுக்கினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், பூச்சிகளை வரைவதில் பெயர் பெற்ற மோசஸ் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர், சிவப்பு, மஞ்சள், நீலத்தை வைத்து மற்ற நிறங்களைக் கலக்கும் சக்கரத்தை அச்சிட்டார். இன்று நாம் பார்க்கும் 12 நிறச் சக்கரத்தைப் பிரபலமாக்கியவர், ஜெர்மனியின் பௌஹாஸ் பள்ளியில் பாடம் எடுத்த சுவிஸ் ஓவியர் ஜொஹான்னஸ் இட்டென். அவருடைய நிறக்கலை நூல் 1961-ல் வந்தது.

நம்ம ஊரும் இதில் பின்தங்கவில்லை. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-ல் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அது இருக்கும் ஈ.வெ.ரா பெரியார் சாலையின் பழைய பெயர் என்ன தெரியுமா? பூந்தமல்லி நெடுஞ்சாலை! பூந்தமல்லியில் பஸ் ஏறி சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் பெரியமேட்டில் ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'மூன்றாம் நிலை நிறம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் புழக்கத்தில் உண்டு. மேலே சொன்ன ஆறு நிறங்கள் ஒன்று. இன்னொன்று பழசு. இங்கிலாந்தின் ஜார்ஜ் ஃபீல்டு என்ற நிற வேதியியலாளர் 1835-ல் வெளியிட்ட நூலில், இரண்டு 'இரண்டாம் நிலை' நிறங்கள் சேர்ந்து வருவதைத்தான் மூன்றாம் நிலை என்றார். ஆரஞ்சும் பச்சையும் சேர்ந்தால் சிட்ரின், ஆரஞ்சும் ஊதாவும் சேர்ந்தால் ரஸ்ஸெட், பச்சையும் ஊதாவும் சேர்ந்தால் ஆலிவ். மூன்றுமே கொஞ்சம் மங்கலான, மண் வாசனை அடிக்கும் நிறங்கள். யூடியூபில் ஒருவர் மயில் கழுத்தைக் காட்டி, இன்னொருவர் சாணிப் பச்சையைக் காட்டி, இருவருமே 'மூன்றாம் நிலை' என்று சொன்னால் குழம்ப வேண்டாம். ரெண்டு பேரும் சொல்வது சரிதான்.

ஏன் சேறு மாதிரி ஆகுது?

இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரே கலவைக்குள் வந்துவிட்டால் நிறம் மங்கும். பிரவுனாகவோ சாம்பலாகவோ மாறும். 'நான் ரெண்டைத்தானே கலந்தேன்' என்பீர்கள். ஆனா, டியூபில் வரும் எந்தச் சிவப்பும் சுத்தச் சிவப்பு கிடையாது. ஒன்று ஆரஞ்சுப் பக்கம் சாயும், இல்லாவிட்டால் ஊதாப் பக்கம் சாயும். நீலமும் மஞ்சளும் அப்படித்தான். அந்தச் சாய்வில்தான் மூன்றாவது ஆள் ஒளிந்திருப்பார்.

உதாரணத்துக்கு, வெர்மிலியன் என்ற சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். அதாவது, அதற்குள் கொஞ்சம் மஞ்சள் இருக்கிற மாதிரி. அதோடு நீலத்தைக் கலந்து வாடாமல்லி கொண்டுவர நினைத்தால் சிவப்பு, நீலம், ஒளிந்திருந்த மஞ்சள் மூன்றும் சேர்ந்துவிடும். வாடாமல்லிக்குப் பதில் காய்ந்த கத்திரிக்காய் வரும். தப்பு உங்கள் கையில் இல்லை, தேர்ந்தெடுத்த டியூபில்.

அதனால், 24 கலர் பாக்ஸைவிட இந்த ஆறு டியூப்கள் போதும். போஸ்டர் கலர், வாட்டர் கலர், அக்ரிலிக் எதுவானாலும் ஸ்டேஷனரி கடைகளில் இந்தப் பெயர்களில் கேட்கலாம்.

* லெமன் யெல்லோ: பச்சைப் பக்கம் சாயும் மஞ்சள்.
* குரோம் யெல்லோ அல்லது கேம்போஜ்: ஆரஞ்சுப் பக்கம் சாயும் மஞ்சள்.
* வெர்மிலியன்: ஆரஞ்சுப் பக்கம் சாயும் சிவப்பு.
* கிரிம்சன்: ஊதாப் பக்கம் சாயும் சிவப்பு.
* அல்ட்ராமரைன் ப்ளூ: ஊதாப் பக்கம் சாயும் நீலம்.
* பிரஷ்யன் ப்ளூ அல்லது தாலோ ப்ளூ: பச்சைப் பக்கம் சாயும் நீலம்.

வெள்ளை மட்டும் கொஞ்சம் பெரிய டியூபாக வாங்கிக்கோங்க. அதுதான் சீக்கிரம் காலியாகும்.

விதி ஒன்றே ஒன்று: ஒருவரை நோக்கி ஒருவர் சாயும் ஜோடியைச் சேருங்க. பச்சை வேண்டுமென்றால் பச்சைப் பக்கம் சாயும் மஞ்சள், பச்சைப் பக்கம் சாயும் நீலம். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஜோடியைச் சேர்த்தால் நிறம் மங்கும்.

ஆறுக்கும் ஆறு ரெசிபி

1. மாம்பழக் கலர்: குரோம் யெல்லோ நிறைய, வெர்மிலியன் ஒரு பொட்டு.
2. தக்காளிக் கலர்: வெர்மிலியன் நிறைய, குரோம் யெல்லோ கொஞ்சம்.
3. வாடாமல்லி: கிரிம்சன் நிறைய, அல்ட்ராமரைன் கொஞ்சம். பளிச்சென்று தெரிய வெள்ளை ஒரு துளி.
4. சங்குப்பூ: அல்ட்ராமரைன் நிறைய, கிரிம்சன் கொஞ்சம், வெள்ளை தேவைக்கு.
5. மயில் கழுத்து: பிரஷ்யன் ப்ளூவோடு லெமன் யெல்லோ. ஆனா, நீலம் ஜெயிக்க வேண்டும்.
6. கிளிப் பச்சை: லெமன் யெல்லோ நிறைய, பிரஷ்யன் ப்ளூ ஊசி முனை அளவு.

'நிறைய', 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? கணக்குப்படி பார்த்தால் சுலபம். ஒரு ஸ்பூன் பச்சையில் அரை ஸ்பூன் மஞ்சள், அரை ஸ்பூன் நீலம். அதோடு ஒரு ஸ்பூன் மஞ்சள் சேர்த்தால் மொத்தம் ஒன்றரை மஞ்சள், அரை நீலம். அதாவது 3-க்கு 1. பேப்பரில் இது சரி. தட்டில் இது எடுபடாது. ஏனென்றால், பிரஷ்யன் ப்ளூ பெருங்காயம் மாதிரி. கொஞ்சம் போட்டாலே பாத்திரம் முழுக்க மணக்கும். மூன்று பங்கு லெமன் யெல்லோவில் ஒரு பங்கு பிரஷ்யன் ப்ளூவைப் போட்டால் கிளி பறந்துபோய் அடர் பச்சைதான் மிஞ்சும். அளவுக்கு ஸ்பூனை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க.

கலக்கும்போது கவனிக்க வேண்டியவை

வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைச் சேருங்க. மஞ்சளை முதலில் வைத்து, நீலத்தைப் பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்கணும். தலைகீழாகச் செய்தால், நீலத்தை மஞ்சளாக்க ஒரு டியூப் மஞ்சளே காலியாகும்.

பிரஷ்ஷைக் கழுவுங்க. முந்தின கலவையின் மிச்சம்தான் பல சமயம் அந்த ஒளிந்திருக்கும் மூன்றாவது ஆள். ரெண்டு டம்ளர் தண்ணீர் வைத்துக்கோங்க. ஒன்று கழுவ, ஒன்று அலச.

காயவிட்டுப் பாருங்க. அக்ரிலிக் காய்ந்தால் பொதுவாக ஒரு படி அடர்த்தியாகும். போஸ்டர் கலர் காய்ந்தால் பல நிறங்கள் வெளிறும். ஈரத்தில் மேட்ச் ஆனது காய்ந்தபின் மேட்ச் ஆகும் என்று நம்ப முடியாது. ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, ஃபேனுக்குக் கீழே காயவிட்டுப் பிறகு முடிவு பண்ணுங்க.

ரொம்பப் பளிச்சுன்னு இருக்கா? கறுப்பைத் தேடாதீங்க. சக்கரத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும் நிறத்தை ஒரு துளி சேருங்க. கிளிப் பச்சைக்கு வாடாமல்லி, மயில் கழுத்துக்குத் தக்காளி, சங்குப்பூவுக்கு மாம்பழம். கடிகாரத்தில் ஆறு மணி நேரம் தள்ளி நிற்பவர்தான் அந்த எதிராளி. நிறம் சாகாமல் அடங்கும்.

ஆவடியின் பச்சை

இப்போது அந்த 'மங்கலான' குடும்பத்துக்கு வருவோம். அதன் மிகப் பெரிய ஷோரூம் ஆவடிதான். கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவச் சீருடைகள் தைக்கும் படை உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப் வளாகம், விமானப்படை நிலையம் என்று ஊரே சீருடை நிறத்தில் இருக்கும். அந்த ஆலிவ் பச்சையும் காக்கியும் யதேச்சையாக வந்தவை இல்லை.

காட்டில், வயலில், புதரில் சுத்தப் பச்சை அபூர்வம். இலையில் மஞ்சள் இருக்கும், நிழல் இருக்கும், காய்ந்த சருகின் பழுப்பு இருக்கும், மேலே தூசு இருக்கும். பச்சைக்குள் சிவப்பின் சாயல் புகுந்து மங்கினால்தான் அது நிஜச் செடியோடு கலந்து மறையும். நாம் 'சேறு' என்று திட்டிய அதே விளைவை ராணுவம் வேண்டுமென்றே கேட்டு வாங்குகிறது! 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்பில் அறிமுகமான புதிய போர்ச் சீருடையும், ஆலிவ்வும் மண் நிறங்களும் கலந்த டிஜிட்டல் டிசைன்தான். அதை நிஃப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைத்தார்கள். காக்கி என்ற சொல்லே புழுதி என்ற அர்த்தமுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது.

இதைத் தட்டில் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு.

* மிலிட்டரி பச்சை, சுலப வழி: மஞ்சளில் கறுப்பை ஒரு துளி சேருங்க. ஆச்சர்யப்படாதீங்க, பச்சை வரும்! பெரும்பாலான கறுப்புகளுக்குள் நீலச் சாயல் உண்டு. அது மஞ்சளோடு சேர்ந்து ஆலிவ் ஆகும்.
* மிலிட்டரி பச்சை, சரியான வழி: பச்சையைக் கலந்து, மஞ்சளைக் கொஞ்சம் தூக்கி, கிரிம்சனைத் துளித்துளியாகச் சேருங்க. எங்கே நிறுத்த வேண்டும் என்பது உங்கள் கையில். ஜார்ஜ் ஃபீல்டின் பச்சை-ஊதா ஆலிவ்வில் நீலம் தூக்கலாக இருக்கும். சீருடையின் ஆலிவ்வில் மஞ்சள் தூக்கல்.
* காக்கி: யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளில் வெள்ளை சேர்த்து, மேலே செய்த ஆலிவ்வை ஒரு சிட்டிகை.

இங்கேயே இன்னொரு விஷயம். போலீஸ், துணை ராணுவம், ரயில்வே லோகோ பைலட் வேலைகளுக்குத் தயாராகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அந்த வேலைகளுக்கு நிறப் பார்வைச் சோதனை உண்டு. புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைகளை (1917-ல் வெளியானவை) பார்த்திருப்பீர்கள். சிவப்பு-பச்சைக் குறைபாடு பிறவியிலேயே வருவது, ஆண்களிடம் அதிகம். சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் சமாளித்துவிடும் அளவுக்குத் தெரிவதால் பலருக்கு இது இருப்பதே தெரியாது. ஆலிவ், பிரவுன், கருஞ்சிவப்பு மூன்றும் அடிக்கடி குழம்பினால், உடல் தகுதித் தேர்வு நாள் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கண் டாக்டரைப் பாருங்க. இரண்டு வருஷக் கோச்சிங்குக்கு முன்னால் பத்து நிமிடச் சோதனை பெரிய விஷயமில்லை.

அம்பத்தூர் பாடம்: பெயரை விடுங்க, நம்பரைக் கேளுங்க

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புப் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் 'கொஞ்சம் சாம்பல் கலந்த பச்சை' என்று சொன்னால் சிரிப்பார். அங்கே பேச்சு நம்பரில்தான். ஐ.எஸ் 5 என்ற இந்தியத் தரப் பட்டியலில் ஆலிவ் கிரீன் 220, சிக்னல் ரெட் 537. ஜெர்மனியில் 1927-ல் தொடங்கிய ரால் என்ற பட்டியலின் நம்பர்களும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. ஒரே மெஷினின் மூடி ஒரு பட்டறையிலும் உடம்பு இன்னொரு பட்டறையிலும் பெயின்ட் ஆகலாம். ரெண்டும் பொருந்த வேண்டுமென்றால் நம்பர்தான் ஒரே வழி.

வீட்டுக்கும் இதே பாடம்தான். பெயின்ட் கடையில் மெஷின் செய்வது, வெள்ளை 'பேஸ்' டப்பாவுக்குள் சில நிறச்சாயங்களைத் துளிக்கணக்கில் விடுவது. ஷேடு கார்டில் இருக்கும் அழகான பெயர்களில் பெரும்பாலானவை வெளிறிய அல்லது மங்கலான மூன்றாம் நிலை நிறங்கள்தான். அதனால், பெயின்ட் வாங்கும்போதே டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு கோடு, பேஸ், மேட்டா சில்க்கா என்ற ஃபினிஷ், மூன்றையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வாடகை வீடு என்றால் வீடு பார்க்கும்போதே ஓனர் அண்ணாவிடம் கேட்டு வாங்கிடுங்க. காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட் காசு பிடிக்கும் பேச்சு வந்தால், இந்த ஒரு போட்டோ உங்களுக்குக் கை கொடுக்கும்.

கோடு இல்லையா? சுவரின் மறைவான மூலையில் நகத்தளவு பெயின்ட் தோலைப் பெயர்த்துக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. சில கடைகளில் நிறத்தை அளக்கும் கருவி உண்டு. சின்ன இடத்துக்கு நீங்களே கலப்பதென்றால், வெள்ளை எமல்ஷனில் 'ஸ்டெய்னர்' பாட்டிலைச் சொட்டுச்சொட்டாக விட்டு, மேலே சொன்ன அதே விதியில் கலக்கலாம். பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீங்க, பூச்சு சரியாகக் காயாது. எவ்வளவு பொருந்தினாலும் பழைய சுவர் வெயிலிலும் தூசியிலும் நிறம் மாறியிருக்கும். முடிந்தால் ஒட்டுப்போடாமல், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுச் சுவரையும் அடிச்சிடுங்க.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு: 2016-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது. அந்த விதி வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும்தான். பட்டறையில் மிச்சமான இண்டஸ்ட்ரியல் பெயின்ட் 'நல்ல மஞ்சளா இருக்கே' என்று குழந்தையின் தொட்டிலுக்கோ பொம்மைக்கோ அடிக்காதீங்க.

புடவைக்கு மேட்சிங்: கலவை நூலிலேயே இருக்கு

இனி, முதலில் கேட்ட பிளவுஸ் பிரச்னைக்கு வருவோம். பட்டுப்புடவையில் மயில் கழுத்து பல சமயம் ஒரே சாயத்தில் வருவதில்லை. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, கண்தான் அவற்றைக் கலந்து மூன்றாம் நிலை நிறமாகப் பார்க்கிறது. அதனால்தான் மடிப்பை அசைத்தால் நிறம் மாறுகிறது. மாந்துளிர்ப் புடவையிலும் இதே வித்தைதான்.

இதற்கு ஒற்றை நிறத் துணியில் 'அதே கலர்' தேடினால் பூந்தமல்லி ட்ரங்க் ரோடு முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. ஓரத்தில் பிரிந்திருக்கும் நூலைப் பாருங்க. எந்த இரண்டு நிறங்கள் என்று தெரியும். அதில் ஒன்றை பிளவுஸுக்குத் தேர்ந்தெடுங்க. அல்லது சக்கரத்தின் எதிர்ப்பக்கம் போங்க: மயில் கழுத்துக்குத் தக்காளிச் சிவப்பு, கிளிப் பச்சைக்கு வாடாமல்லி. பாட்டிகள் காலத்துக் காம்பினேஷன்கள் பலவும் இந்தச் சக்கரத்தில் அப்படியே உட்காரும்.

இன்னொன்று, கடை லைட்டில் பொருந்தும் இரண்டு துணிகள் வெயிலில் பிரிந்து நிற்கலாம். இரண்டு சாயங்கள் வேறு வேறாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். 'வாசல்ல போய்ப் பாருடி' என்று அம்மா சொல்வது நூறு சதவிகிதம் அறிவியல்.

போனை எவ்வளவு நம்பலாம்?

போன் ஸ்கிரீனின் கணக்கே வேறு. அங்கே முதன்மை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம். ஒளியில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் வரும்! ஸ்கிரீனின் மூன்றாம் நிலை நிறம் ஒன்றைப் பார்க்க, ஏதாவது டிராயிங் ஆப்பில் ஆர்.ஜி.பி இடத்தில் 255, 128, 0 என்று போட்டுப் பாருங்க, ஆரஞ்சு வரும். 128, 255, 0 போட்டால் கிளிப் பச்சை. இது ஒளியின் கலவை. அதே பளபளப்பைப் பெயின்ட்டில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பிரின்டரும் தன் வழியில் போகும். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும்தான் அதன் முதன்மை நிறங்கள். உங்கள் கலர் செட்டில் மெஜந்தா இருந்தால் கிரிம்சனுக்குப் பதில் அதை வைத்து வாடாமல்லி கலந்து பாருங்க, இன்னும் பளிச்சென்று வரும்.

வாட்ஸ்அப்பில் துணியின் போட்டோ அனுப்பி மேட்சிங் வாங்கச் சொல்லும்போது, பக்கத்தில் ஒரு வெள்ளைப் பேப்பரை வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுங்க. பேப்பர் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் துணியின் நிறமும் அந்த அளவுக்குப் பொய் சொல்கிறது என்று அர்த்தம். முடிவை மட்டும் துணியை நேரில் பார்த்து எடுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

ஒரு கெட்டியான பேப்பர், ஆறு டியூப், ஒரு தட்டு, ரெண்டு டம்ளர் தண்ணீர் போதும். மூன்று மஞ்சள்-நீல ஜோடிகளை எடுங்க: லெமனும் பிரஷ்யனும், லெமனும் அல்ட்ராமரைனும், குரோமும் அல்ட்ராமரைனும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். முதல் கட்டம் சுத்த மஞ்சள், கடைசிக் கட்டம் சுத்த நீலம், நடுவில் மூன்று படிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே எதை எவ்வளவு கலந்தீர்கள் என்று பென்சிலில் எழுதுங்க.

முதல் வரிசையில் கிளியும் மயிலும் வந்து உட்காரும். மூன்றாவது வரிசையில் ஆவடி வந்து நிற்கும். ரெண்டும் மஞ்சள்-நீலம்தான், சாய்வு மட்டும்தான் வேறு. அந்தப் பேப்பரை மடித்துப் பர்ஸில் வைத்துக்கோங்க. அடுத்த முறை மேட்சிங் சென்டரில் "பச்சையும் இல்ல, நீலமும் இல்ல" என்று திணறாமல், நான்காவது கட்டத்தைக் காட்டி, "அண்ணா, இது!" என்றால் போதும்.